எல்லாப்பிரகட சுப்பாராவ்: ஆய்வுக் கட்டுரைகளும் அவற்றின் வழி வந்த மருந்துகளும்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948) உயிர்வேதியியல் ஆய்வாளர். சென்னையில் மருத்துவம் பயின்று, அமெரிக்காவில் ஆய்வு செய்து, அங்கேயே மறைந்தவர். கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் ஃபோலிக் அமிலம், முடக்குவாதத்துக்கும் சிலவகைப் புற்றுநோய்களுக்கும் தரப்படும் மீத்தோட்ரெக்சேட், யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரை, டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகிய நான்கின் வரலாற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு. இம்மருந்துகளை உட்கொள்வோரும் அவர்களைப் பராமரிப்போரும் இவற்றின் பின்னணியை அறிந்துகொள்வதற்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஒரு மருந்து எவ்வாறு உருவானது என்பது தெரிந்தால், அதை ஏன் இவ்வாறு உட்கொள்ளச் சொல்கிறார்கள் என்பதும் எளிதில் விளங்கும்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துவது நல்லது. கைப்பேசிகளில் வலம்வரும் செய்திகள் சில, இம்மருந்துகள் அனைத்தையும் அவர் தனியொருவராகக் கண்டுபிடித்தார் என்கின்றன. பாடநூல்கள் பலவற்றிலோ அவரது பெயரே இடம்பெறுவதில்லை. இவ்விரண்டும் உண்மைக்குப் புறம்பானவை. அவரது பெயரில் வெளிவந்த கட்டுரைகளை மட்டும் எண்ணினால் அவரது பங்கு குறைவாகத் தோன்றும். அவர் தலைமையில் நடந்த பணிகள் எல்லாவற்றையும் அவர் ஒருவருக்கே உரியதாக்கினால், உடன் உழைத்த வேதியியலாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அநீதி இழைத்தவர்களாவோம். ஆகவே, எது அவர் செய்தது, எது அவர் செய்வித்தது என்பதைப் பிரித்தறிந்தே அவரது வாழ்க்கையைக் கூற வேண்டும்.

சென்னையில் கழிந்த ஆண்டுகள்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று அவர் பிறந்தார். அவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தை நோயுற்று, காலத்துக்கு முன்பே பணியிலிருந்து விலகியதால் குடும்பம் வறுமையில் வாடியது. சிறுவயதில் படிப்பில் நாட்டமின்றி, காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று வீட்டைவிட்டு வெளியேறியவரைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தனர். பள்ளியிறுதித் தேர்வில் மூன்றாம் முறையே தேறினார். அதுவும் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பின்னரே. பின்பு மாநிலக் கல்லூரியிலும், அதைத் தொடர்ந்து சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை அரங்கில் கதராடை அணிந்தார். ஆங்கிலேயரான அறுவைசிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு செய்திருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்கு ஒருபடி தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் நுழைய இயலாமல், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார்.

இக்காலத்தில் நேர்ந்த ஓர் இழப்பு அவரது பிற்கால ஆய்வோடு தொடர்புடையது. அவருடைய சகோதரர்கள் இருவர் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல்நோயால் அடுத்தடுத்து இறந்தனர். உணவிலுள்ள சத்துகளைக் குடல் உறிஞ்ச இயலாமற்போவதும், தீராத வயிற்றுப்போக்கும், கடும் இரத்தச்சோகையும் இந்நோயின் இயல்புகள். சுப்பாராவையும் இது பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். அந்நோய்க்குக் காரணமும் மருந்தும் அக்காலத்தில் எவருக்கும் தெரியவில்லை. இருபதாண்டுகளுக்கும் மேலான பின், அதே நோயில் ஏற்படும் இரத்தச்சோகைக்கு ஃபோலிக் அமிலம் பலனளிப்பது தெரியவந்தபோது, அந்த ஃபோலிக் அமிலம் அவர் இயக்கிய ஆய்வகத்திலிருந்தே வந்திருந்தது.

1925-ஆம் ஆண்டுக் கட்டுரை

1920-களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயிலும்போது, செலவுக்குப் பணமின்றி மருத்துவமனையொன்றில் இரவுப் பணியாளராக நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவினார். மணமான சில ஆண்டுகளிலேயே மனைவி சேஷகிரியைப் பிரிந்து சென்றவர், அதன்பின் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. பட்டயம் பெற்றபின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயிடம் ஆய்வில் சேர்ந்தார்.

இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் கண்டறிவது அக்காலத்தில் நெடுநேரம் பிடிக்கும் வேலை. முடிவுகளும் நம்பத்தக்கனவாக இல்லை. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் இணைந்து 1925-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். மாதிரியுடன் மாலிப்டேட் உப்பைச் சேர்த்தால் அது பாஸ்பேட்டுடன் இணைகிறது. அதனுடன் ஒரு குறைப்பானைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றுகிறது. நிறம் எவ்வளவு அடர்ந்ததோ, பாஸ்பரஸ் அவ்வளவு மிகுதி. இம்முறை ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை எனப்படுகிறது. உயிர்வேதியியல் வரலாற்றில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் இது ஒன்று. ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் இதைச் சுட்டியுள்ளனர்.

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் தம் ஆய்வறிக்கையில் பாஸ்பரஸ் என்ற வரியைக் கண்டிருப்பர். இன்று அந்த அளவீட்டைத் தானியங்கிக் கருவி சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. கருவியும் வேதிப்பொருள்களும் மாறிவிட்டன என்றாலும், மாலிப்டேட் பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும் அதே வினையே பெரும்பாலான முறைகளுக்கு அடிப்படை.

இந்த அளவீட்டு முறையே அடுத்த கண்டுபிடிப்புகளுக்கும் வழிவகுத்தது. தசையிலுள்ள பாஸ்பேட்டை அளந்தபோது, எதிர்பார்த்த நேரத்தில் நீலநிறம் தோன்றவில்லை. சற்றுத் தாமதித்து, மெல்ல மெல்ல அடர்ந்தது. எளிதில் சிதையக்கூடிய ஏதோ ஒரு சேர்மத்திலிருந்து பாஸ்பேட் சிறிது சிறிதாக விடுபடுகிறது என்று இருவரும் ஊகித்து, அச்சேர்மம் பாஸ்போகிரியேட்டின் என்று 1927-இல் அறிவித்தனர். சோதனை பிழைத்துவிட்டது என்று ஒதுக்கிவிடாமல், பிழைபோல் தோன்றியதையே பின்தொடர்ந்ததை அவர்களது பணியில் மிகச் சிறந்ததாக நான் கருதுகிறேன். இங்கிலாந்தில் எகிள்டன் இணையரும் அதே காலத்தில் இச்சேர்மத்தை வேறு வழியில் கண்டிருந்தனர்.

பாஸ்போகிரியேட்டின் என்ற சொல் புதிதாகத் தோன்றலாம். ஆனால் கிரியேட்டினின் என்பதை அறியாத சிறுநீரக நோயாளி இல்லை. தசையிலுள்ள கிரியேட்டினும் பாஸ்போகிரியேட்டினும் நாள்தோறும் சிறிதளவு சிதைந்து உண்டாகும் கழிவே கிரியேட்டினின். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் அதன் அளவு உயர்கிறது.

1929-இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து இன்னொரு பாஸ்பேட் சேர்மத்தையும் பிரித்தெடுத்து அறிவித்தனர். அதுவே ஏ.டி.பி.; உடலின் உயிரணுக்கள் அனைத்தும் தம் வேலைக்குப் பயன்படுத்தும் ஆற்றல் நாணயம். அக்காலத்துக் கொள்கைப்படி, தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலம் உண்டாவதே காரணம். மேயர்ஹோஃபும் ஹில்லும் தசை பற்றிய ஆய்வுகளுக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். பாஸ்பேட் சேர்மங்களின் கண்டுபிடிப்பும், அதைத் தொடர்ந்து டென்மார்க்கில் லுண்ட்ஸ்கார்டு செய்த சோதனையும் அக்கொள்கையை மாற்றியமைத்தன. ஆயினும் மேயர்ஹோஃபின் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் லோமான் அதே ஆண்டில் சற்று முன்னதாக ஏ.டி.பி. பற்றிய குறிப்பை அச்சேற்றிவிட்டார். எனவே பாடநூல்களில் பெரும்பாலும் லோமானின் பெயரே காணப்படுகிறது. இருதரப்பும் தனித்தனியே கண்டது என்பதே சரியான கூற்று.

சுப்பாராவ் 1930-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் ஹார்வர்டில் அவரிடமிருந்து வெளிவந்த கட்டுரைகள் மிகக் குறைவு. அவர் வேலை செய்யாததால் அவ்வாறு நேர்ந்ததென்று எண்ணிவிடக் கூடாது. அதே துறையில் பயின்று பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளைப் பல ஆண்டுகள் கழித்துப் பிறர் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், அவரது பணி வெளிச்சத்துக்கு வர ஃபிஸ்கே இடமளிக்கவில்லை என்றும் கருதினார். நிரந்தரப் பதவியும் ஹார்வர்டில் அவருக்குக் கிட்டவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வகத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆய்வு இயக்குநரானார்.

ஃபோலிக் அமிலம்

லெடர்லியில் அவரது பணியின் தன்மை மாறியது. சோதனைக் குழாயைத் தம் கையால் பிடித்ததைவிட, எதைத் தேட வேண்டும் என்று தீர்மானித்து, அதற்குரியவர்களைத் திரட்டி, அவர்களுக்கு வேண்டியவற்றைப் பெற்றுத் தந்ததே மிகுதி.

ஃபோலிக் அமிலத்தின் கதை இந்தியாவில் தொடங்குகிறது. 1930-களின் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளிடம் காணப்பட்ட ஒருவகை இரத்தச்சோகையை ஆராய்ந்தார். இதில் சிவப்பணுக்கள் அளவில் பெரியனவாக இருக்கும். ஈஸ்ட் சாற்றிலுள்ள ஏதோ ஒரு பொருள் இதைக் குணப்படுத்துவதை அவர் காட்டினார். 1941-இல் வேறொரு அமெரிக்கக் குழு கீரையிலிருந்து ஒரு வைட்டமினைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டது. லெடர்லியில் ஸ்டோக்ஸ்டாட் அவ்வைட்டமினைக் கல்லீரலிலிருந்து தூய நிலையில் பெற்றார். அதன் அமைப்பை அறிந்து ஆய்வகத்திலேயே தயாரிக்கும் பணியைச் சுப்பாராவ் வழிநடத்த, அது 1945-இல் நிறைவேறியது. அதை அறிவித்த கட்டுரையின் நீண்ட ஆசிரியர் பட்டியலில் முதற்பெயர் ஆங்கியருடையது. சுப்பாராவின் பெயர் பலருள் ஒன்றாகவே உள்ளது. ஆனால் இந்தத் தயாரிப்பு முறை இல்லாதிருந்தால், கிராமத் துணைசுகாதார நிலையத்தில் இன்று இம்மாத்திரையை இலவசமாகத் தருவது இயலாது. டன் கணக்கான கல்லீரலிலிருந்தோ கீரையிலிருந்தோ பிரித்தெடுத்துக் கட்டுப்படியாகும் பொருளன்று அது.

கருவுற்ற முதல் வாரங்களில் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகின்றன. அப்போது ஃபோலிக் அமிலம் குறைந்தால் நரம்புக்குழல் குறைபாடுகள் நேரக்கூடும் என்பது 1991-இல் வெளிவந்த பெரும் ஆய்வில் உறுதியானது. ஆதலால் குழந்தைப்பேற்றுக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குவது நல்லது. நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாள்களுக்கு, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கப்படுகிறது. மகப்பேற்றுக்குப் பின்னும் 180 நாள்கள் இதைத் தொடர வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சுப்பாராவின் குழுவினர் முதலில் தேடியது, கல்லீரலிலிருந்து கிடைத்து பெர்னீசியஸ் இரத்தச்சோகையைத் தீர்க்கும் பொருளை. அது ஃபோலிக் அமிலம் அன்று, வைட்டமின் பி12 என்பது அவர் இறந்த 1948-ஆம் ஆண்டில்தான் வேறு ஆய்வகங்களில் தெரியவந்தது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் தந்தால் இரத்தம் ஊறும்; ஆனால் நரம்புகளின் பாதிப்பு மறைவாக வளரும். கை கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம் ஆகியவை உள்ளவர்கள் கடையில் தாமாக ஃபோலிக் அமிலம் வாங்கி உண்ணாமல், பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மீத்தோட்ரெக்சேட்: வாரம் ஒருமுறை மட்டும்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த சேர்மங்களைத் தந்து பார்த்தார். நோய் தணிவதற்கு மாறாக விரைந்து முற்றுவதுபோல் தோன்றியது. வேகமாகப் பெருகும் அணுக்களுக்கு இவ்வைட்டமின் தேவை என்றால், அதைத் தடுக்கும் பொருள் அவற்றின் பெருக்கத்தையும் தடுக்கலாம் அல்லவா? சுப்பாராவின் ஆய்வகம் அத்தகைய பொருள்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. சீகர் உள்ளிட்ட வேதியியலாளர்கள் தயாரித்த அமினோப்டெரின், தோற்றத்தில் ஃபோலிக் அமிலத்தை ஒத்தது. அணுவுக்குள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதன் வேலையைச் செய்யாது. 1948 ஜூனில் ஃபார்பரின் குழு வெளியிட்ட கட்டுரையில், 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்த செய்தி இடம்பெற்றது. அத்தணிவு தற்காலிகமானதே. எனினும், மருந்தால் இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பது அன்று முதன்முதலாகத் தெளிவானது. அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் சுப்பாராவ் இல்லை.

அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மீத்தோட்ரெக்சேட்டும் அதே ஆய்வகத்தில் உருவானது. நஞ்சுத்தன்மை சற்றுக் குறைந்த அதுவே நிலைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது சிகிச்சையின் ஒரு பகுதி. மிகக் குறைந்த அளவில் முடக்குவாதம், சொரியாசிஸ் ஆகியவற்றுக்கும் தரப்படுகிறது.

ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்தையும் ஃபோலிக் அமிலத்தையும் ஒரே சீட்டில் எழுதியிருக்கிறீர்களே, தவறிவிட்டதா என்று முடக்குவாத நோயாளிகள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. முடக்குவாதத்தில் மீத்தோட்ரெக்சேட்டின் பணி, அளவுமீறிய நோயெதிர்ப்பு வினையைத் தணிப்பது. அதனிடையே வாய், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றில் விரைந்து புதுப்பிக்கப்படும் நல்ல அணுக்களும் ஃபோலிக் அமிலமின்றித் துன்புறுகின்றன. சிறிதளவு ஃபோலிக் அமிலம் அவற்றைக் காக்கிறது; மருந்தின் பயனைப் பெரிதும் குறைப்பதில்லை. எந்தக் கிழமையில் எதை உண்ண வேண்டும் என்று மருத்துவர் எழுதியபடியே பின்பற்ற வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் முறை வேறு. அங்கு ஃபோலிக் அமிலத்தைத் தாமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் மீத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒருநாள் மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து. நாள்தோறும் உட்கொண்டால் சில நாள்களிலேயே வாய் முழுவதும் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிரிழப்பும் நேரலாம். இத்தகைய பிழை உலகெங்கும் நிகழ்ந்துவருகிறது. ஃபோலிக் அமிலமும் மஞ்சள் நிறம், மீத்தோட்ரெக்சேட்டும் மஞ்சள் நிறம், மாத்திரைகள் சிறியவை, அட்டைகளும் மாறிப்போகக்கூடும். பராமரிப்பவர் அட்டையின் மேல் கிழமையின் பெயரைப் பேனாவால் எழுதி, மற்ற மாத்திரைகளிலிருந்து தனியே வைக்க வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், இரத்தக்கசிவு, வறட்டு இருமல், மூச்சுத்திணறல் தோன்றினால் அடுத்த வேளை மருந்தை உண்ணாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் ஃபோலிக் அமிலத்தின் செயலையே தடுப்பதால் இதனுடன் சேரக் கூடாது. வேறு நோய்க்காக வேறு மருத்துவரிடம் செல்லும்போது மீத்தோட்ரெக்சேட் உண்பதை மறவாமல் கூறவும். கருவுற்றோரும் கருவுறத் திட்டமிடுவோரும் இதை உட்கொள்ளவே கூடாது.

டி.இ.சி. மாத்திரையும் டெட்ராசைக்ளினும்

இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்க வீரர்கள் பலரை யானைக்கால் நோய்ப்புழுக்கள் தொற்றின. அதுவரை கையாளப்பட்ட ஆன்டிமனி, ஆர்சனிக் கலந்த மருந்துகள் நோயாளியையும் வருத்துவன. லெடர்லியில் ஹெவிட் தலைமையிலான குழு, பருத்தி எலிகளிடமும் நாய்களிடமும் சேர்மங்கள் பலவற்றைச் சோதித்து, டைஎதில்கார்பமசைனைக் கண்டறிந்தது. 1947-இல் வெளியான இக்கட்டுரையில் சுப்பாராவின் பெயரும் உண்டு. நம் ஊர்களில் டி.இ.சி. எனப்படுவது இதுவே.

இந்தியாவில் 2004 முதல், நோய் பரவியுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை வீடுவீடாக இம்மாத்திரை வழங்கும் திட்டம் நடைபெறுகிறது. பின்னர் அல்பெண்டசோலும் சேர்க்கப்பட்டது. நோயில்லாத எனக்கு எதற்கு என்று மறுப்போர் பலர். புழுவின் குஞ்சுகள் இரத்தத்தில் பல ஆண்டுகள் இருந்தும் கால் வீங்காமல் இருக்கலாம். அந்த இரத்தத்தைக் குடித்த கொசு அடுத்த வீட்டாருக்கு நோயைக் கொண்டுசெல்லும். மாத்திரை உண்டபின் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வருவதற்குப் புழுக்குஞ்சுகள் மடிவதே பெரும்பாலும் காரணம். ஓரிரு நாள்களில் அது தணியும். உணவுக்குப் பின், பணியாளர் முன்னிலையிலேயே விழுங்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயுற்றோர் ஆகியோருக்குத் தரப்படுவதில்லை.

டெட்ராசைக்ளின் குடும்பத்தில் முதலாவதான ஆரியோமைசினை, மிசௌரி மாநிலத்து நிலமொன்றின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து 1945-இல் கண்டவர் தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர். எழுபது வயதைத் தாண்டி லெடர்லியில் பணியாற்றியவர் அவர். சுப்பாராவ் அந்த ஆய்வுத் திட்டத்தை இயக்கியவர், கண்டுபிடிப்பாளர் டக்கரே. இக்குடும்பத்தின் பிற்கால உறுப்பினரான டாக்சிசைக்ளின், தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டி மிகும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் இன்று கைகொடுக்கிறது.

ஆரியோமைசின் 1948-இன் கோடையில் மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், 53 வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். அமெரிக்கக் குடியுரிமை பெற 1946-இல் சட்டம் வழிதிறந்தபின்னும் அவர் அதைப் பெற்றுக்கொள்ளவில்லை. பின்னாளில் லெடர்லியின் ஆய்வாளரொருவர் தாம் வகைப்படுத்திய பூஞ்சைப் பேரினத்துக்கு அவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிட்டார். இந்திய அஞ்சல்துறை அவரது நூற்றாண்டான 1995-இல் அஞ்சல்தலை வெளியிட்டது.